தலைகீழ்த் தோரணம்

கண்ணாடி வீட்டுக்குள் காலடி வைத்ததுமே தவநாயகி அன்ரியின் மூக்குக்கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. வெளியே மாசி மாதக் குளிர், புல்லில் உறைபனி. உள்ளே ஈரமும் வெக்கையும்.

"ஒண்டும் தெரியேல்லைத் தம்பி. கையைப் பிடியும்."

சஞ்சயன் பிடித்தான். அவனுக்கு வாய்த்த முதல் வாடிக்கையாளர் அவர். பிடிக்காமல் என்ன செய்வது?

எட்டு வருடம் பார்சல் கிடங்கொன்றில் நைட் ஷிப்ட். கார்த்திகையில் ஒருநாள் இடைவேளைக்கு வெளியே போனவன் திரும்பி உள்ளே போகவில்லை. கல்யாண மண்டபங்களுக்கு அலங்காரம் செய்யப்போவதாகச் சொன்னபோது வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. மூன்று மாதமாகியும் கிடைத்தது அன்ரியின் மகள் ஸ்ரீநிதியின் கல்யாணம் ஒன்றுதான். அதுவும் கைநழுவினால் திங்கட்கிழமை கிடங்குக்கே திரும்புவதாக மனேச்சரிடம் சொல்லி வைத்திருந்தான்.

ஸ்ரீநிதிக்கு மணவறை காடு மாதிரி இருக்க வேண்டும். அன்ரிக்கோ பிளாஸ்ரிக் இலை ஒன்றுகூடக் கண்ணில் படக் கூடாது. அதனால்தான் வெப்பநாட்டுச் செடிகளை நேரில் பார்த்துத் தீர்மானிக்க இருவரும் கோலியர்ஸ் வுட்டிலிருந்து ரயில் ஏறி இந்தத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்திருந்தார்கள்.

"இது நல்லாயிருக்கும் அன்ரி. மணவறைக்குப் பின்னாலை வைக்கலாம்." குடை அளவு இலைகளைக் காட்டினான்.

அன்ரி குனிந்து பார்த்தார். "சேம்பெல்லோ இது?"

"சேம்பின்ரை சொந்தக்காரர்."

"மாப்பிள்ளை பகுதி என்ன நினைக்கும்? சமைக்க எடுத்து வைச்சதை மறந்துபோய் மேடையிலை விட்டிட்டம் எண்டோ?"

சேம்பு போயிற்று. வாழை சரி என்றார், குலையோடு இருந்தால். பெரணிகள் சரி. பிறகு ஒரு திருப்பத்தில் நின்றுவிட்டார். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பூ, சரம் கோத்ததுபோல் அவர் தோள் உயரத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இதை எடுக்க ஏலுமோ?"

"ஏலும். பூக்கடையிலை முன்கூட்டிச் சொன்னால் வெளிநாட்டிலையிருந்து இறக்கித் தருவினம்."

"அப்ப இதுதான்."

சஞ்சயனுக்கு உடம்பு லேசாயிற்று. அந்தத் துணிச்சலில் போனை எடுத்து, வாசல் அலங்காரத்துக்குத் தான் கீறி வைத்த படத்தையும் நீட்டினான். ஸ்ரீநிதி அதை ஏற்கெனவே பார்த்து 'சூப்பர்' போட்டிருந்தாள். அன்ரி கோட்டுக்குள்ளிருந்து சேலைத் தலைப்பை இழுத்துக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, போனை முகத்தருகே கொண்டுபோனார்.

"தம்பி, இது ஆரின்ரை செத்தவீடு?"

"என்ன?"

"இந்த ஓலைத் தோரணம். எத்தினை குருவி கட்டியிருக்கிறீர்?"

எண்ணிப் பார்த்தான். ஒவ்வொரு ஓலையிலும் குருவி மாதிரி மூன்று மடிப்பு. "மூண்டு."

"எங்கை பாக்குது?"

"கீழை."

"நல்லதுக்கு நாலு குருவி, மேலை பாக்கவேணும். இப்பிடித் தலைகீழாய் மூண்டைத் தொங்கவிட்டால் வாற சனம் ஒரு வாய் சாப்பிடாது. நேரை வீட்டை போய்த் தலை முழுகும்."

சஞ்சயனுக்குக் கிடங்கின் பெல்ட் மறுபடி ஓடத் தொடங்கிய சத்தம் காதில் கேட்டது. திங்கட்கிழமை, இரவு பத்து மணி, ஏழாம் இலக்க வாசல்.

"எங்கை பாத்துக் கீறினனீர்?"

பொய் சொல்லலாம். இன்டர்நெற்றில் பார்த்தேன் என்றால் முடிந்தது. ஆனால் அவனுக்கு அலுத்துவிட்டது.

"நான் ஊருக்குப் போனது ஒரே ஒருக்கால், பதினாலு வயசிலை. அப்பாவின்ரை செத்தவீட்டுக்கு. கேற்றிலை இப்பிடித் தோரணம் கட்டியிருந்தவை. வடிவாய் இருந்துது."

"வடிவாய் இருந்துதோ!"

அன்ரியின் வாய் ஒரு பக்கம் கோணியது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. சிரித்த சிரிப்பில் முன்னால் போன வெள்ளைக்காரக் கிழவர் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து சஞ்சயனுக்கும் சிரிப்பு வந்தது.

"வேறை ஆளைப் பிடிக்கப் போறியளோ அன்ரி?"

"ஏன்? மண்டபத்து வாசல்லையே கட்டிப்போட்டீர்? போனிலைதானே கிடக்கு, அழிச்சால் சரி. தோரணத்துக்கு வெஸ்ட் ஈலிங் கோயிலடியிலை குகநாதன் அண்ணை இருக்கிறார், அவர் கட்டுவார். நீர் அதிலை கை வைக்கப்படாது. மற்றதெல்லாம் உம்மடை பாடு."

"அப்ப இந்தப் பூ? இதுவும் கீழைதானே பாக்குது."

அன்ரி பூவை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "அது தன்ரை பாட்டிலை வளர்ந்தது. நாங்கள் கட்டுறதுதான் மேலை பாக்கவேணும்."

சஞ்சயன் சற்றுத் தள்ளிப்போய் கிடங்கு மனேச்சருக்குப் போன் அடித்தான். திங்கட்கிழமை வரவில்லை, இனியும் வரமாட்டேன் என்றான். மனேச்சர் சரி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. மேலே கண்ணாடியிலிருந்து அவன் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது, வெதுவெதுப்பாக இருந்தது.

திரும்பி வந்தபோது அன்ரி அடுத்த அறையின் கதவடியில் நின்று பலகையை வாசித்துக்கொண்டிருந்தார்.

"அங்காலை கள்ளிச் செடியளாம்."

"கலியாணத்துக்குக் கள்ளியோ அன்ரி?"

"உமக்கென்ன விசரே? வந்தனாங்கள், சும்மா பாப்பம். வாரும்."