கணு இல்லாத இலை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்குப் படம்தான் முதலில் வந்தது. கதை இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

வாரப் பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. ஓவியருக்கு அவசரம், அச்சகத்துக்கு அதைவிட அவசரம். நான் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போதே படம் அச்சேறிவிடும். பிறகு படத்துக்குத் தகுந்தபடி கதையை வளைக்க வேண்டியது என் பாடு. ஒருமுறை கதாநாயகன் கையில் துப்பாக்கிக்குப் பதில் குடையை வரைந்துவிட்டார். அந்தக் குடையாலேயே ஒருவனைக் கொன்றேன்.

இந்த வாரப் படம்: ஒரு பெண் ஜன்னலோரம் நிற்கிறாள். எதிரே தண்ணீர் நிரப்பிய கண்ணாடிப் பாட்டில். அதில் ஒரே ஒரு மணி பிளான்ட் இலை.

"செடி வளர்ப்புச் சிறப்பிதழ். கொலை வேண்டாம்" என்றார் ஆசிரியர் போனில்.

"செடியையாவது கொல்லலாமா சார்?"

"விளம்பரம் குடுத்ததே நர்சரிக்காரங்கய்யா. ஒரு இலைகூட வாடக் கூடாது."

2

தொடக்கம், முதல் முயற்சி:

'பாட்டிலுக்குள் அந்த இலை அசைந்தது. அறையிலோ காற்றே இல்லை. அப்படியானால்…'

வேண்டாம். கொலைக்கதைப் பழக்கம்.

இரண்டாவது முயற்சி:

'தண்ணீரில் கொடி வளர்ப்பதும் வாழ்க்கையும்…'

(இதற்கு மேல் எழுதியிருந்தால் நானே என் விரலை ஒடித்திருப்பேன்.)

மூன்றாவது நின்றது. ஒரு மருமகள். தொழில், பிசியோதெரபி. பிடித்துக்கொண்ட கழுத்தையும் மடங்காத முழங்காலையும் வழிக்குக் கொண்டுவருகிறவள். வீடு வீடாகப் போய்ப் பார்த்து அலுத்துவிட்டாள். சொந்தமாக ஓர் இடம் வேண்டும். வாசலை ஒட்டிய முன்னறை போதும். நோயாளியைப் படுக்கவைக்கிற மடக்குக் கட்டில்கூட வாங்கியாகிவிட்டது. அது பீரோவுக்குப் பின்னால் பிரிக்காமல் நிற்கிறது.

முன்னறையில்தான் மாமியாரின் கொடிகள் இருக்கின்றன. மண் வீட்டுக்குள் வந்தால் அழுக்கு என்பது அவர் கொள்கை. ஆகவே ஜாம் பாட்டில், மருந்துப் புட்டி, உடைந்த பூஜாடி எல்லாவற்றிலும் தண்ணீர், எல்லாவற்றிலும் மணி பிளான்ட். ஆணிக்கு ஆணி தாவிச் சுவரை அடைத்திருந்தன. மணி பார்க்க வேண்டுமென்றால் இலையை விலக்கித்தான் கடிகாரத்தைத் தேட வேண்டும்.

மாமியார் கஞ்சப்பேர்வழி இல்லை. கேட்கிறவர்களுக்கெல்லாம் ஓர் இலை கிள்ளித் தருவார். தெருவில் அவருக்குப் பெயரே 'வள்ளலம்மா'.

"அத்தை, முன்ரூமை எனக்குத் தர்றீங்களா?"

"உனக்கில்லாத ரூமா!" ஓர் இலையைக் கிள்ளிப் பாட்டிலில் போட்டு நீட்டினார் வள்ளலம்மா. "இந்தா, இதைத் துளிர்க்க வை. ஒரு செடியைப் பாத்துக்கத் தெரிஞ்சாத்தானே நாலு மனுசங்களைப் பாத்துக்க முடியும்? துளிர்த்த அன்னைக்கே ரூமை ஒழிச்சுத் தரேன்."

கணவன் தலையாட்டினான். [யார் சொன்னதற்குச் சம்மதம் என்று இரண்டு தரப்புக்கும் தெரியாதபடி ஆட்டுவது அவன் தனித்திறமை. இவனை நம்பி ஒரு திருப்பமும் வைக்க முடியாது.]

3

மருமகள் விழுந்து விழுந்து பார்த்துக்கொண்டாள். தண்ணீரை மாற்றினாள். நேர்வெயில் படாமல் நகர்த்தி வைத்தாள். இலை வாடவில்லை. வெள்ளையாக ஒரு வேர்கூட எட்டிப்பார்த்தது. துளிர் மட்டும் வரவில்லை.

"என்னம்மா, துளிர்த்துச்சா?" என்பார் மாமியார் தினமும். "இல்லையா? பாவம். கைராசின்னு ஒண்ணு இருக்குல்ல."

முடிவையும் யோசித்து வைத்திருந்தேன். கடைசி வரியில் இலை துளிர்க்கும், மாமியார் கண் கலங்கும், அதற்குக் கீழே நர்சரி விளம்பரம். மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன்.

4

"இது துளிர்க்காது" என்றாள்.

"ஏன்? தண்ணியெல்லாம் மாத்துறாளே."

"பன்னீரே ஊத்தட்டும். கணு எங்கங்க?"

"கணுவா?"

"இலைக்காம்பு கொடியோட சேர்ற எடத்துல முடிச்சு மாதிரி இருக்கும்ல, அது. துளிர் அங்கேருந்துதான் வரும். வெறும் இலையைப் போட்டா பச்சையா இருக்கும், வேரும் விடும். அவ்வளவுதான். அப்படியே உக்காந்திருக்கும்."

"ஓவியர் வெறும் இலைதான் வரைஞ்சிருக்கார்."

"அவருக்குத் தெரியாது. உங்களுக்கு எதுவுமே தெரியாது. சரி. செவுரு பூரா வளத்து வெச்சிருக்கே அந்தம்மா, அதுக்குமா தெரியாது?"

எத்தனையோ கொலை எழுதியிருக்கிறேன். விஷம், ஓடும் ரயில், அந்தக் குடை. ஒன்றுக்கும் எனக்கு மயிர்க்கூச்செறிந்ததில்லை. இதற்கு எறிந்தது. தெருவுக்கே இலை கொடுத்திருக்கிறாள் ஒருத்தி. ஒரு வீட்டிலும் கொடி இல்லை. ஜன்னலுக்கு ஜன்னல் ஒற்றை இலை, வாடாமல், நன்றியோடு.

[ஓரக்குறிப்பு: கணு இல்லாமல் கிள்ளித் தருகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'உங்ககிட்ட நல்ல திறமை இருக்கு, பாக்கலாம்' என்கிற மேலதிகாரி. 'தொடர்தானே, அவசியம் போடலாம்' என்கிற… இந்த வாக்கியத்தை ஆசிரியர் படிப்பார் என்பதால் நிறுத்திக்கொள்கிறேன்.]

5

மாற்று முடிவுகள்.

(அ) மாமியாருக்கு உண்மையிலேயே தெரியாது. அப்படியானால் அந்தச் சுவர் எப்படி நிறைந்தது? தள்ளுபடி.

(ஆ) யாரும் இல்லாதபோது மருமகள் கத்தரிக்கோலோடு முன்னறைக்குள் நுழைகிறாள், கணுவோடு ஒரு துண்டு வெட்டுகிறாள், துளிர்க்கிறது, அறை கிடைக்கிறது. விறுவிறுப்பு உண்டு. எனக்குப் பிடித்தது. மனைவி உதட்டைப் பிதுக்கினாள்.

"பரீட்சையே பித்தலாட்டம். அதுல இவ காப்பியடிச்சு வேற பாஸாகணுமா?"

6

ஆகவே இப்படி.

மாமியார் முன்னறைத் தரையில் ஜாடிகளைப் பரப்பித் தண்ணீர் மாற்றிக்கொண்டிருக்கிறார். மருமகள் பாட்டிலோடு வருகிறாள்.

"என்னம்மா, துளிர்த்துச்சா?"

"கணு இல்லாம எப்படி அத்தை துளிர்க்கும்?"

மாமியாரின் கை நின்றது.

"கிள்ளும்போது தவறியிருக்கும். வேற தரேன்."

"தெருவுல எல்லாருக்குமா தவறிச்சு?"

கூடவே வந்த கணவன் தலையாட்ட ஆரம்பித்தான்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள். தலை நின்றது.

மாமியார் ஜாடிகளுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டார். நான் எழுத நினைத்தது ஒரு வில்லியின் வசனம். அவர் வேறெதையோ சொன்னார்.

"எல்லார் வீட்டுலயும் வளந்துட்டா, அப்புறம் எங்கிட்ட யாரும்மா வருவா?"

(இதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். வில்லி பாவமாகிவிட்டால் கதை படுத்துவிடும். பேனா போகவில்லை.)

மருமகளும் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். ஆனால் இரக்கப்பட்டுக் கேட்டதை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவள்.

"வருவாங்க அத்தை. கழுத்துவலி, இடுப்புவலின்னு வருவாங்க. நீங்க பேசிக்கிட்டிருங்க, நான் வைத்தியம் பாக்கறேன். எனக்குச் செடி வேண்டாம், ரூம் வேணும். இன்னைக்கே ஒருத்தரை வரச் சொல்லிட்டேன். கொடியை நீங்க எடுக்கிறீங்களா, நான் எடுக்கட்டுமா?"

7

இந்த இடத்தில் மாமியார் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியருக்கு அழுகை வேண்டுமாம். மனைவி, "அந்தம்மா இன்னொரு இலையைக் கிள்ளி நீட்டும் பாருங்க" என்கிறாள். எழுதி எழுதிக் கிழித்தேன். எதுவும் அவர் வாயில் உட்காரவில்லை.

இதற்குள் வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். கழுத்தைத் திருப்ப முடியாமல் முழு உடம்போடு திரும்பி, "கழுத்துவலி பாக்கறது இங்கதானா?" என்கிறார்.

மருமகள் மாமியாரையே பார்க்கிறாள். அறை இன்னும் அவருடையது. சொல்ல வேண்டியவர் அவர்தான்.

நான் ஒதுங்கிக்கொள்கிறேன். மாமியாருக்கு என்ன பதில் சொல்லித் தருவீர்களோ, நீங்களே தாருங்கள். கொஞ்சம் சீக்கிரம். வந்தவருக்கு நிற்க முடியவில்லை.