இடிக்கரனின் இடது கோரைப்பல்

நடுநிலை என்பது மனிதப் பிறவி எடுத்து நடமாடுமானால் அது இவரைப் போலத்தான் இருக்கும் என்று இடிக்கரன் வாசகர் பேரவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. முன்மொழிந்தவர் இவர். வழிமொழிந்தவரும் இவரே. மற்றவர்கள் அன்றைக்கு வரத் தாமதமாகிவிட்டது.

ஒரே குத்தில் மலையைப் பிளக்கும் இடிக்கரனின் சித்திரக்கதை மாதம் ஒன்று வரும். இவர் தீர்ப்பு எழுதிக் கைபேசிக் குழுவில் போடும்வரை பேரவையின் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வாய் திறக்கமாட்டார்கள். அதனால் நீதிபதி என்று பட்டப்பெயர். பிழைப்பு என்னவோ பல்செட் செய்யும் பட்டறையில். பகலெல்லாம் கரும்பச்சை மெழுகை உருக்கிப் பல்லாகச் செதுக்குவார். சட்டைக் கையிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு அந்த மெழுகு வீடுவரை வரும்.

"உங்களக் கட்டிக்கிட்டதுக்கு ஒரு மெழுகுவத்தியக் கட்டியிருந்தா வெளிச்சமாவது கெடச்சிருக்கும்" என்பாள் மனைவி, தலையணை உறையைச் சுரண்டியபடி.

மற்ற ரசிகர்கள் கதையைப் பார்ப்பார்கள். நீதிபதி பல்லைப் பார்ப்பார். பட்டறையில் சேர்ந்த புதிதில், மதிய இடைவேளையில் வேலை மேசையிலேயே முப்பத்தொன்றாம் இதழைப் படித்துக்கொண்டிருந்தபோது, உலகம் கவனிக்காத ஒன்றை அவர் கவனித்தார். ராட்சத இயந்திரத்தோடு மோதிவிட்டுச் சிரிக்கும் இடிக்கரனின் மேல்வரிசையில் இடது கோரைப்பல் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த இடம் கன்னங்கரேல் என்று ஓட்டையாக இருந்தது. அடுத்த மாதமே பல் வெட்கமில்லாமல் திரும்பி வந்திருந்தது.

"எங்க புத்தகத்துல பல் இருக்கே" என்று சில அப்பாவிகள் கேட்டதுண்டு.

"உங்களுது ரெண்டாம் அச்சு. தப்புன்னு நெனச்சுப் பல்ல ஒட்டவச்சுட்டாங்க. என்னுது முதல் அச்சு."

முதல் அச்சு என்று சொன்னபிறகு யார் எதிர்த்துப் பேசுவது? அந்தப் பிரதி பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டப்பட்டு பீரோவின் மேல்தட்டுக்குப் போனது. அதன்பின் இருபத்திரண்டு வருடங்களாக, கோரைப்பல்லோடு வந்த ஒவ்வோர் இதழையும் நீதிபதி பிரித்து மேய்ந்தார். கடைசியில் ஓவியர் தாங்கமாட்டாமல் வேலையை விட்டே ஓடினார்.

வினை அங்கேதான் தொடங்கியது. காலியான இடத்தில் வந்து உட்கார்ந்தது மனைவியின் தம்பி.

மச்சான் அதற்குமுன் மூன்று வேலைகளை விட்டவன். ஒவ்வொன்றை விட்டபோதும் இவர்கள் வீட்டுக் கூடத்து சோபாவில்தான் வந்து படுத்தான். இப்போது அவன் பல்லை வரைந்தால் நீதிபதி எழுதியாக வேண்டும். எழுதினால் அவன் வேலை போகும், சோபா நிறையும், மனைவி பேசமாட்டாள். எழுதாவிட்டால் நடுநிலை நாறிப்போகும். பேரவையில் ஒருவர் கொக்கியே போட்டுவிட்டார்: "ஐயா, சொந்தக்காரங்க கேஸையும் நீங்களேதான் விசாரிப்பீங்களா?"

"பெத்த அப்பனே வரைஞ்சாலும் தீர்ப்பு தீர்ப்புதான்" என்று பதில் போட்டார் நீதிபதி. பிறகு மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அவன்கிட்ட பல்லப் பத்தி ஒரு வார்த்த காதுல போட்டா என்னங்க?" என்றாள் மனைவி.

"இதழ் வர்றதுக்கு முன்னால ஓவியன்கிட்ட பேசறதா? அதுக்குப் பேரு லஞ்சம்."

"லஞ்சம்னா கைக்கு ஏதாவது வரணுமேங்க."

சனிக்கிழமை இதழ் வந்தது. வழக்கம்போல் இரண்டு பிரதிகள் வாங்கினார். ஒன்று படிக்க, மற்றொன்று படிக்காமல் இருக்க. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பட்டறையின் பூதக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். எதிரே மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் பக்கத்தில் இடிக்கரன் மாடி விளிம்பில் நின்றான். வாய் மூடியிருந்தது. மூன்றாம் பக்கத்தில் கவிழும் ரயிலைத் தோளில் தாங்கினான், உதட்டை இறுக்கிக்கொண்டு. ஆறில் திசையெட்டும் நடுங்கக் கர்ஜித்தான், ஆனால் நமக்கு முதுகைக் காட்டி. பதினொன்றில் அவன் முகத்தருகே தக்க சமயத்தில் புகை வந்தது. பதினெட்டில் காதலியைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு கண்ணோடு நின்றுவிட்டது. பக்கங்கள் முப்பத்திரண்டு. பல் ஒன்றுகூட இல்லை.

நீதிபதி இன்னொரு முறை முதலிலிருந்து புரட்டினார். இல்லை. நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கி எங்கோ உருண்டு போனது. மூன்று நாள் பசியும் ஒன்றாக வந்தது. சோறு போடச் சொல்லி, இடது கையால் அதை வாயில் தள்ளிக்கொண்டே வலது கையால் தீர்ப்பு எழுதினார்: 'மெய்யான வலிமை வாய் திறப்பதில்லை. மௌனத்தின் மகாகாவியம் இது. உறவு வேறு, கலை வேறு என்று அறிந்தே சொல்கிறேன்.'

அரைமணி நேரத்தில் மச்சான் அழைத்தான். மனைவி கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

"அத்தான்! ஆபீஸ்ல எல்லாரும் உங்க தீர்ப்பத்தான் படிக்கிறாங்க. அடுத்த பன்னிரண்டு இதழும் எனக்கேன்னுட்டாங்க!"

"மனசுல பட்டத எழுதினேன். ஆமா, அந்த மூடிய வாய்... அது எப்படிடா உனக்குத் தோணுச்சு?"

"எனக்கு எங்க தோணுச்சு? அக்காதான் சொல்லுச்சு. 'இடிக்கரன் வாயத் திறந்தா உங்க அத்தானும் வாயத் திறப்பாரு. ஒருத்தன் வாய மூடுடா, குடும்பம் பொழைச்சுக்கும்'னுச்சு."

நீதிபதி மனைவியைப் பார்த்தார். அவள் வெங்காயத்தைப் பார்த்தாள். கோபப்பட வேண்டிய இடம்தான். ஆனால் சோபா காலியாக இருந்தது, சோறு ருசியாக இருந்தது, கோபம் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.

பேரவையில் பாராட்டு குவிந்துகொண்டிருந்தது. கொக்கி போட்டவரே சரணடைந்திருந்தார்: 'நீதிபதி ஐயா வாழ்க! இந்த நல்ல நாள்ல அந்த முதல் அச்சுப் பல்லில்லாப் படத்த எங்களுக்குக் காட்டக்கூடாதா?'

வேறொரு நாளாக இருந்தால் மறுத்திருப்பார். இன்று மனம் விரிந்து கிடந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பீரோவைத் திறந்து, முப்பத்தொன்றாம் இதழை இறக்கினார். இருபத்திரண்டு வருடமாகப் பிரியாத உறையைப் பிரித்தார். கைபேசியில் படம் எடுக்குமுன் தூசி இருக்கிறதா என்று பார்க்க, பூதக்கண்ணாடியைத் திரும்பவும் இறக்கிக்கொண்டு குனிந்தார்.

கோரைப்பல்லின் இடம் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் மேடாக இருந்தது. நகத்தால் தொட்டார். பெயர்ந்து வந்தது.

கரும்பச்சை மெழுகு. அடியில் பல் இருந்தது.