புல் வெட்டாத மேடு

அன்று எங்கள் மலையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: பியோ குடும்பத்தின் மூத்தவனான நான், என் தம்பி ஹ்யோன்-சிக், அதற்கு முந்தின மாதம்தான் அவன் வீட்டுக்கு மருமகளாக வந்த சோ-ரா, வட்ட அலுவலகத்து அளவையர் மோக், ஓக்-புன். ஓக்-புன்னை நான் அழைக்கவில்லை.

மலையின் கீழ்ச்சரிவைத் தொழிற்பேட்டைக்கு எடுக்கிறார்கள். உறவினர் உள்ள சமாதிகளைத் தொடாமல் எல்லையை வளைத்துக்கொள்வதாக, மனுமேல் மனு போட்டு வாக்கு வாங்கியவன் நான். உறவு உண்டா இல்லையா என்பதை எங்கள் பக்கத்தில் காகிதத்துக்கு முன்பே புல் சொல்லிவிடும். அறுவடைத் திருநாளுக்கு முன் புல் வெட்டாத சமாதி மேடு பிள்ளையற்ற மேடு. எங்கள் பதினொரு சமாதிகளும் அன்று முடிதிருத்திய தலைகள் போல் இருந்தன. மோக் ஒவ்வொன்றிலும் மஞ்சள் கொடி நட்டபடி இறங்கினார். கீழே, முள்மரங்களுக்கு அடியில், பன்னிரண்டாவது. இடுப்பளவு புல்.

"இது யாரோடதுங்க, பெரியவரே?"

"எங்கம்மாவோடது" என்றாள் ஓக்-புன்.

சந்தையில் நூடுல்ஸ் கடை வைத்திருந்தவள்; எழுபத்தோரு வயது. என் அப்பா வெளியே வைத்திருந்த பெண்ணின் மகள். முப்பத்தொரு வருடமாக ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் அரிவாளோடு என் வாசலில் வந்து நிற்பாள். பியோ மலையில் அரிவாள் எடுப்பது பியோ வீட்டு ஆண்கள் மட்டும்தான் என்று திருப்பி அனுப்புவேன். நானும் வெட்டவில்லை. அப்பாவின் மானம் அந்தப் புல்லுக்குள் மறைந்து கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

மோக் பதிவேட்டைப் புரட்டினார். "அம்மா, உங்க தாயார்னு இதுல வேற பேரு இருக்கே. அவங்க மேல ஏழாவது மேட்டுல இருக்காங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு சமாதியா?"

வெளியே பிறந்த பிள்ளையை மனைவி பெற்றதாகப் பதிவது அந்தக் கால வழக்கம். ஓக்-புன்னை என் அம்மாவின் பிள்ளையாக எழுத வைத்தவர் என் அப்பா.

"பெரியவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எழுதிக்கிறேன்" என்றார் மோக்.

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை வாங்குறதுக்கு இந்த மலையையே வாங்கிடலாம்" என்று தம்பி முணுமுணுத்தான்.

ஓக்-புன் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, எனக்காக வேணாம். உங்களுக்கு முள்ளு எடுத்துக் குடுத்த கைக்காகச் சொல்லுங்க."

என் அம்மா காசநோயில் தனியறையில் கிடந்த இரண்டு வருடம். எனக்கு ஆறு வயது. உப்புமீனைப் பிட்டு, முள் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, என் சோற்றின்மேல் வைத்த விரல்கள் ஓக்-புன்னின் தாயுடையவை.

சோ-ரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோடதோ, எனக்குத் தெரியாது" என்றேன்.

மோக் சிவப்புக் கொடி நட்டார். உரிமை கோர மூன்று மாதம். அதற்குப்பின் தோண்டி எரித்து, சாம்பலுக்கு ஓர் எண் போட்டுப் பொதுக்கூடத்தில் வைத்துவிடுவார்கள். ஓக்-புன் தான் கொண்டுவந்திருந்த அரிசி மதுவைப் புல்லுக்குள் ஊற்றினாள். காலிப் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டாள். "நல்லா இருங்க, அண்ணே." திட்டியிருக்கலாம்.

கெடு முடிய இன்னும் ஒன்பது நாள். அலுவலகத்தில் கேட்பது ஒரு வரியும் என் முத்திரையும். முத்திரை சட்டைப்பையில்தான் இருக்கிறது. வரியை நான்கு முறை எழுதத் தொடங்கினேன். 'என் தகப்பனாரின்' என்பதற்கு அடுத்த சொல்லில் பேனா நின்றுவிடுகிறது. முந்தாநாள் காலை தனியாக மலையேறி, எண்பத்தோரு வயதில் முதன்முறையாக அந்த மேட்டில் அரிவாள் வைத்தேன். உறைந்த புல் கண்ணாடி போல் முறிந்தது. மதியம்வரை ஆயிற்று.

அந்தச் சிவப்புக் கொடியை நான் பிடுங்கி எறிந்துவிட்டதாகச் சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். இல்லை. புல்லைத்தான் வெட்டினேன். கொடி நட்ட இடத்திலேயே நிற்கிறது. இப்போது பேருந்து நிறுத்தத்திலிருந்தே தெரிகிறது.