மூன்று முறை இழுத்தால்

சுவரில் ஒட்டியிருந்த கையைப் பார்த்ததும் எமில்டா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவள் வரைந்த கைதான். புத்தகத்தின் ஏழாம் பக்கத்தில், தீப்பெட்டி அளவுக் கட்டத்துக்குள், யாரோ ஒரு ஆண்பிள்ளையின் கையாக அது பேசாமல் இருந்தது. ஜெராக்ஸ் கடை ஷாம் அதை மூன்றடி உயரத்துக்குப் பெரிதாக்கி, பள்ளிக்கூட ஹாலின் வாசலுக்கு நேர் எதிரே ஒட்டிவிட்டான். பெரிதான பிறகுதான் தெரிந்தது. கட்டைவிரலுக்கு மேல்கணு இல்லை. வரைந்தபோது அவள் அப்படி நினைக்கவே இல்லை. பேனா தன்பாட்டுக்குப் போட்டிருக்கிறது. திரேஸ்புரத்தில் அப்படி மொட்டைக் கட்டைவிரல் ஒருவனுக்குத்தான் உண்டு. கம்ப்ரசர் பெல்ட்டுக்குக் கொடுத்த விரல். அவளுடைய அண்ணன் பவுலின் விரல்.

"ஷாம், அத எடுத்திருப்பா."

"எதக்கா?"

"அந்தக் கைய. பெருசாக்கினா நல்லால்ல."

"எக்கா, வாசல்ல நுழையிறவன் எல்லாம் அந்தக் கையிலதான் முட்டிக்கிட்டு நிக்கான். நாகர்கோவில்லருந்து வந்த ஒருத்தர், பாத்தாலே பயமாருக்குன்னு சொல்லி ரெண்டு புத்தகம் வாங்கிட்டுப் போறாரு. அதப் போயி எடுக்கச் சொல்லுதிய!"

சொல்லிவிட்டு, காமிக்ஸ் வீரன் வேஷத்தில், கௌபாய் தொப்பியும் ரப்பர் பூட்ஸுமாக வியர்த்து ஊற்ற வந்த ஒரு உப்புக் கம்பெனி கணக்குப்பிள்ளைக்கு மின்விசிறிக்கடியில் இடம் பண்ணிக் கொடுக்க ஓடினான்.

மூன்று வருசமாகக் கோயில் கமிட்டியிடம் கெஞ்சி ஷாம் வாங்கிய அனுமதி இது. மே மாதத்து மாதா கெபித் திருவிழாவின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, பள்ளி விடுமுறையில் சும்மா கிடக்கும் ஹாலில் காமிக்ஸ் திருவிழா. மாணவர் பெஞ்சுகளில் பழைய காமிக்ஸ் புத்தகங்களைப் பாலிதீன் உறையில் போட்டு அடுக்கியிருந்தார்கள். வருகிறவர்கள் கழுத்திலெல்லாம் சிவப்பு நாடாவில் ஓர் அட்டை. வெளியே மிட்டாய்க் கடை, ராட்டினம், குழாய் ஸ்பீக்கரில் விடாத ஜெபமாலை. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் ஊரில் பாதிப் பேர் கரையில்தான் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் ஹாலுக்குள் இருந்தார்கள்.

சங்கு குளிக்கிறவர்களுக்குத் தடை கிடையாது. ஞாயிறு ஒரு நாள் ஓய்வு. நாளை திங்கள், எமில்டாவின் கணவன் ஜாய்சன் கடலுக்குப் போவான். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் டியூபைப் பல்லில் கடித்துக்கொண்டு பத்துப் பாகம், அறுபதடி ஆழத்துக்கு இறங்குவான். டியூபோடு ஒரு கயிறும் இறங்கும். கயிற்றின் மேல்நுனி வள்ளத்தில் இருக்கிறவன் கையில். ஒரு முறை இழுத்தால் இன்னும் டியூப் விடு. இரண்டு முறை இழுத்தால் சங்குப் பையைத் தூக்கு. மூன்று முறை இழுத்தால் என்னைத் தூக்கு.

அந்த நுனியைப் பிடிக்கும் இடத்தில் கண்டவனையும் உட்கார வைப்பதில்லை. மனைவியின் உடன்பிறந்தவன்தான் உட்காருவான். முத்துக் குளித்த காலத்திலிருந்து அப்படித்தான். கூடப்பிறந்தவள் தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் கண்ணயர மாட்டான் என்பது அவர்கள் நம்பிக்கை. பதினோரு வருசமாக ஜாய்சனின் கயிறு பவுலின் கையில்தான்.

எமில்டாவின் கதை எட்டே பக்கம். கடலுக்கடியில் ஒருவன் மூன்று முறை இழுக்கிறான். மேலே டியூப் வள்ளத்தின் விளிம்பில் மடிந்து கிடக்கிறது. முழங்காலில் ஒரு கை சாவகாசமாக இருக்கிறது. அடுத்த கட்டத்திலும் அதே கை. அதற்கடுத்த கட்டத்திலும். கை ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவுதான் கதை. கடைசிப் பக்கத்தில் கரையில் ஒரு பெண் நிற்கிறாள். அவளுக்கு வாய் வரையவில்லை. எப்படிப் போட்டுப் பார்த்தும் சரியாக வரவில்லை, விட்டுவிட்டாள்.

போன கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஜாய்சன் குடித்துவிட்டு அவளை அடித்தான். முதல் முறையல்ல. வீங்கின கன்னத்தைப் பவுல் பார்த்தான். கொல்லைக் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே, சத்தமில்லாமல் சொன்னான்: "ஒருநா கடல்ல நான் சும்மா இருந்தாப் போதும் ஏளா. ஒண்ணுமே செய்ய வேண்டாம்."

"வாயக் கழுவுண்ணே!" என்று அவள் கத்தினாள். ஆனால் கத்துவதற்கு முன்னால், அரை மூச்சு நேரம், நெஞ்சிலிருந்து எதுவோ இறங்கி லேசாக இருந்தது. அந்த அரை மூச்சைப் பவுல் பார்க்கவில்லை. அவள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஜாய்சன் கடலுக்குப் போகும் நாளெல்லாம் வள்ளம் திரும்பும் வரை அவள் மணியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கல்லூரிப் பிள்ளைகளுக்கு ரெக்கார்டு நோட்டில் இறாலும் கரப்பான் பூச்சியும் வரைந்து கொடுப்பவள், ஒரு நாள் இறால் படத்தின் பின்பக்கத்தில் சும்மா இருக்கும் ஒரு கையை வரைந்தாள். வெளியே எடுத்துப் போட்டுவிட்டால் உள்ளே இருக்காது என்று நினைத்தாள். ரெக்கார்டை ஜெராக்ஸ் எடுக்கும்போது ஷாம் பார்த்துவிட்டு, இதைக் கதையாக்கிப் புத்தகமாகப் போடலாம் என்றான். பேர் போடாமல் என்றால் சரி என்றாள். பவுல் மாமியார் வீட்டு விசேஷத்துக்கு மணப்பாடு போகிறான், ஞாயிறு பொழுதடைந்துதான் வருவான் என்ற தைரியம் வேறு.

பேர் போடாத ரகசியம் பதினொரு மணிக்கே போய்விட்டது. இரண்டு கையிலும் நன்னாரி சர்பத்தோடு வந்த ஜாய்சன், பார்க்கிறவனிடமெல்லாம், "என் வீட்டுக்காரி வரஞ்சது அண்ணாச்சி, கம்ப்யூட்டர் கெடையாது, வெறும் கை" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் நெற்றி வியர்வையைத் தன் துண்டால் ஒற்றிவிட்டான். குடிக்காத நாளில் அந்தக் கை இவ்வளவு இதமாக இருக்கும் என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாதது.

"படிச்சியளா?" என்று கேட்டாள்.

"படிச்சேன். வள்ளம் நம்ம வள்ளம் மாதிரியே இருக்குளா. பாவம் அந்தப் பய." சர்பத்தை உறிஞ்சிவிட்டுச் சிரித்தான். "அவனுக்கு மச்சான் கெடையாது போலுக்கு. கூலிக்கு எவனையோ பிடிச்சுட்டுப் போயிருக்கான்."

அவள் தன் சர்பத்தைக் குடிக்காமலே பெஞ்சில் வைத்தாள்.

மத்தியானம் கண்ணாடி போட்ட ஒரு பெண் தன் தோழியோடு வந்து, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்து நீட்டினாள். "நாங்க ரெண்டு பேரும் சண்ட போட்டுக்கிட்டு இருக்கோம். இந்தப் பொம்பளைக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா?"

"தெரியல" என்றாள் எமில்டா.

"நீங்கதான வரஞ்சீங்க?"

அதற்குப் பதில் சொல்லத் திரும்பியவள் வாசலைப் பார்த்தாள். பொழுதடைந்து வர வேண்டிய பவுல், வேட்டியும் பயணக் கசங்கலுமாக அங்கே நின்றுகொண்டிருந்தான். ஷாம் அவன் கழுத்தில் சிவப்பு நாடாவை மாட்டிவிட்டு, "வாங்க அண்ணாச்சி, தங்கச்சி கலக்கிட்டாங்க" என்று முதுகில் தட்டினான்.

பவுல் சுவரைப் பார்த்தான். அவன் முதுகு மட்டும்தான் எமில்டாவுக்குத் தெரிந்தது. மெல்ல அவன் வலது கை உயர்ந்து, முகத்துக்கு நேரே வந்து, ஒருமுறை திரும்பி, இறங்கியது. பிறகு ஒரு புத்தகத்தை எடுத்து நின்றபடியே படித்தான். எட்டுப் பக்கத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கடைசிப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். ஓடிப்போய்ப் பிடுங்க வேண்டும் என்று தோன்றியது.

"ஏளா எமில். இங்கன வா."

தண்ணீர்க் குழாய் வரிசைக்குப் பக்கத்தில் ஆளில்லை. அவள் போய் நின்றாள். ஸ்பீக்கர் ஜெபமாலை தலைக்கு மேலேயே முழங்கிக்கொண்டிருந்தது.

"இது என் கை" என்றான்.

"கதைதான்ண்ணே. சும்மா வரஞ்சது."

"கோவத்துல ஒருநா சொன்னேன். நான் அன்னைக்கே மறந்துட்டேன். நீ வச்சுக்கிட்டு இருந்திருக்க."

அவள் குழாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மூடினாள்.

"ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு." பவுலின் குரல் தாழ்ந்தது. "இதுல நீ என்னப் பாத்துப் பயப்படுதியா? இல்ல, என்னட்ட கேக்கியா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். வாயில்தான் இருந்தது. ஸ்பீக்கரில் ஒரு அருள்நிறை மந்திரம் தொடங்கி, முழுதாக முடிந்து, ஜனங்கள் ஆமென் சொன்னார்கள்.

"இல்லண்ணே" என்றாள்.

பதினோரு வருசமாக ஒரு கயிற்றின் அசைவுக்கும் அடுத்த அசைவுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று கவனித்தே பழகினவன் அவன். அவள் எடுத்துக்கொண்ட நேரத்தை அவன் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டான்.

"சரி" என்றான்.

"அண்ணே, நாளைக்கு நீ போவாத. வேற யாராவது பிடிக்கட்டும். சத்தியராஜக் கூப்பிடு."

"சத்தியராஜுக்கு உன் தாலி மேல என்ன அக்கறை?" கசப்பாகச் சிரித்தான். "நான் வரலன்னா மாப்ள ஏன்னு கேப்பான். என்ன சொல்ல? உம் பொண்டாட்டி என் கையப் படமா போட்டுருக்கா, போய்ப் பாருன்னு சொல்லவா?"

புத்தகத்தை நாலாக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போய்விட்டான். நாடாவைக் கழற்ற மறந்திருந்தான்.

இரவு முழுவதும் அவள் ஜாய்சனின் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். எழுப்பி, போகாதீங்க என்று சொல்லலாம். ஏன் என்பான். சொன்னால் மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் பதினோரு வருச உறவு உடையும், வெட்டுக்குத்து வரும். எல்லாம் கேட்ட பிறகு, "நீ என்ன நெனச்ச?" என்று அவன் ஒரு கேள்வி கேட்பான். அந்த ஒன்றுக்காகத்தான் வாயைத் திறக்கவில்லை என்று விடியும்போது அவளுக்கே தெரிந்தது.

கிழக்கு வெளுத்ததும் ஜாய்சன் கிளம்பினான். தண்ணீர்க் கேனை அவளே எடுத்து ஒளித்து வைத்திருந்தாள். பத்து நிமிடம் கழித்து அதைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனாள். பதினோரு வருசத்தில் ஒருநாளும் அவள் வழியனுப்பப் போனதில்லை.

வள்ளம் இடுப்பளவுத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. பவுல் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. கழுத்தில் இன்னும் அந்தச் சிவப்பு நாடா. அவளைப் பார்த்ததும் அதைக் கழற்றினான். அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, கயிற்றின் நுனிக் கண்ணியில் நாடாவைக் கோத்து, தன் இடது மணிக்கட்டில் சுற்றினான். பல்லால் இழுத்துப் பார்த்தான். மொட்டை விரல் முடிச்சுக்கு ஒத்துழைக்கவில்லை.

"ஒத்தக் கையால முடியல. நீ கட்டு" என்று மணிக்கட்டை அவளிடம் நீட்டினான்.

ஜாய்சன் சிரித்தான். "என்ன மச்சான், என்னய ஆடு மாதிரி கட்டி மேய்க்கப் போறியளா?"

"வயசாவுது மாப்ள. கை சொன்னபடி கேக்க மாட்டேங்கு."

அதைச் சொல்லும்போது பவுல் ஜாய்சனைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. தன் கையை மட்டும் பார்த்தான். இந்தப் பதினோரு வருசத்தில் அவன் ஒரு தடவைகூடக் கயிற்றைக் கட்டிக்கொண்டதில்லை. கட்ட வேண்டிய தேவை நேற்று இரவுதான் அவனுக்கு வந்திருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு தனக்குள் எதைக் கண்டு பயந்தான் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்று எமில்டா கட்டினாள். நேற்று வாயால் தாமதித்ததை இப்போது விரலால் சொல்கிற மாதிரி இழுத்து இறுக்கினாள். "போதும்ளா, ரத்தம் கட்டிரும்" என்று பவுல் முனகினான். ஒரு வினாடி அவள் கையை அழுத்திப் பிடித்தான். விட்டான்.

மோட்டார் பிடித்தது. ஜாய்சன் தண்ணீர்க் கேனை உயர்த்திக் காட்டிச் சிரித்தபடியே சின்னதாகிப் போனான்.

கரையேறி, கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு தோணியின் நிழலில் உட்கார்ந்தாள். இரண்டு மணிக்குத் திரும்புவார்கள். சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. இதுவரைக்கும் வந்த பயத்தை அவள் அறிவாள், அது அண்ணனைப் பற்றியது. இப்போது வேறொன்று மெல்ல ஏறி வந்தது. நைலான் நாடா வழுக்கும். ஒரு முடிச்சு நிற்காது, இரண்டாவது போட்டால்தான் நிற்கும். மீன்காரன் வீட்டுப் பிள்ளைக்கு இது யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

முதல் முடிச்சுப் போட்டது நினைவிருந்தது. பவுல் போதும் என்றது நினைவிருந்தது. அதற்குப் பிறகு?

மடியில் கிடந்த சேலை முந்தானையை எடுத்துத் தன் மணிக்கட்டில் சுற்றி, காலையில் கட்டியது போலவே கட்டிப் பார்த்தாள். விரல்கள் ஒரு முடிச்சுப் போட்டன. நின்றன. இரண்டாவதை அவை போட்டனவா என்று தெரியவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள். கடலில் வள்ளம் இருந்த இடம் வெறும் வெயிலாக இருந்தது.