ஸ்கேனில் தெரிந்த வெள்ளைக் கோடு

“வேற சிஸ்டர் யாரும் இல்லையா?”

“ஏன், நான் தொட்டா ஒட்டிக்குமா? பாத்ரூம் போயிட்டு வந்தீங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க அண்ணி.”

“போயாச்சு.”

“வலி மாத்திரை?”

“வீட்லயே போட்டுட்டேன்.”

“அப்போ இடுப்புக்குக் கீழ எல்லாத்தையும் கழட்டிட்டு, இந்தத் துணியைச் சுத்திக்கிட்டு மேல ஏறிப் படுங்க. மகாராணி மாதிரி நின்னுக்கிட்டே இருந்தா டாக்டரம்மா வந்து என்னைத்தான் கத்துவாங்க.”

புகுந்த வீட்டில் அவளுக்கு லென்ஸ்காரி என்று பெயர். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. இப்போது அதட்டிக்கொண்டிருந்தவள் கணவனின் தங்கை, இதே மருத்துவமனையில் நர்ஸ். நேற்று வரை பிரசவ வார்டில் இருந்தவளை, ஆள் போதவில்லை என்று இன்று காலைதான் இந்த அறைக்கு மாற்றியிருந்தார்கள். லென்ஸ்காரிக்குப் பயம் தந்தது பரிசோதனை அல்ல. நாத்தனார்தான்.

குழந்தை உண்டாகவில்லை என்று போன இடத்தில், ஸ்கேனில் கருப்பைக்குள் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. தழும்போ, வேறு எதுவோ, உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. கட்டி என்று மாமியார் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். லென்ஸ்காரிக்கு மட்டும் அந்தக் கோட்டைப் பார்த்ததிலிருந்து தூக்கம் போயிருந்தது.

கல்யாணமான புதிதில், தொழில் கற்றுக்கொண்டிருந்த சமயம், பிள்ளையைத் தள்ளிப்போட, யாருக்கும் சொல்லாமல் ஒரு காப்பர் டி போட்டுக்கொண்டிருந்தாள். மாதாமாதம் அதன் நூல் விரலில் தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு மாதம் தட்டுப்படவில்லை. லென்ஸ் ஓரத்தில் மயிரிழைப் பிசிறு இருந்தாலும் தடவியே கண்டுபிடிக்கிறவள் அவள். அவள் விரல் இல்லையென்று சொன்னால் இல்லைதான். தானாக விழுந்திருக்கும் என்று அதோடு விட்டுவிட்டாள். திரும்பப் போய்க் காட்டவில்லை.

பிறகு அவளே பிள்ளைக்கு ஏங்க ஆரம்பித்தாள். உண்டாகவில்லை. “குறை உங்ககிட்டயும் இருக்கலாமே” என்று கணவனைச் சோதனைக்கு அனுப்பியதும் அவள்தான்.

“எங்கண்ணன் இதே ஆஸ்பத்திரியில சாம்பிள் டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு நின்னுச்சு,” என்றாள் நாத்தனார், விளக்கை இழுத்துத் திருப்பியபடி. “என்கூட வேலை பாக்கறவ எல்லாம் வேடிக்கை பாத்தா. அதுக்கு ஒண்ணும் இல்லைன்னு ரிசல்ட் வந்துச்சே, ஒரு வார்த்தை கேட்டீங்களா, மனசு கஷ்டமா இருக்கான்னு?”

“இப்பப் பேச வேண்டிய பேச்சா இது?”

“வீட்லதான் நீங்க பேச விடறதில்லையே. இங்க எழுந்து போக முடியாதில்ல.”

டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டே உள்ளே வந்தார். “இன்னும் கொஞ்சம் கீழ தள்ளி வாங்க. காலைத் தூக்கி இதுல வைங்க. டியூப் மெல்லிசுதான், முனையில கேமரா இருக்கு. சலைன் தண்ணி விட்டாத்தான் உள்ள விரிஞ்சு கொடுக்கும். மாதவிலக்கு வலி மாதிரி இழுத்துப் பிடிக்கும். முடியலைன்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்.”

“சொல்ல மாட்டாங்க டாக்டர். எங்கண்ணி அவ்வளவு அழுத்தம்.”

“சிஸ்டர், தண்ணியைத் திறங்க.”

முதலில் மருந்துத் துணியின் குளிர்ச்சி. பிறகு உலோகம் விரிந்து இறுகியது. அதற்கப்புறம் அடிவயிற்றை யாரோ உள்ளேயிருந்து பிடித்து முறுக்குவது போல வலி ஏறியது. தொடையோரம் வெதுவெதுப்பாகத் தண்ணீர் வழிந்தது. லென்ஸ்காரி பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். தண்ணீருக்கடியில் ஒரு ரோஜா நிறக் குகை. அதன் சுவர்கள் மெல்ல விலகிக்கொடுத்தன. இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் நினைக்கவேயில்லை. ஒரு நொடி வலிகூட மறந்தது.

அப்புறம் அது தெரிந்தது. கறுத்துப்போன கம்பி சுற்றிய ஒரு வெள்ளைக் குச்சி.

“அட, இதுதானா!” என்றார் டாக்டரம்மா. “காப்பர் டி. நூல் மேல சுருண்டு போயிருக்கு, அதான் கையில சிக்கியிருக்காது. இது இருக்கும்போது குழந்தை எப்படி நிக்கும்? எப்பப் போட்டது?”

நாத்தனாரின் கை சலைன் குழாயிலேயே நின்றுவிட்டது.

“கல்யாணமான வருஷம்,” என்றாள் லென்ஸ்காரி.

“எடுத்துடட்டுமா?”

“எடுத்துடுங்க.”

ஒரு இழுப்பு. கண்ணில் பூச்சி பறந்தது. தட்டில் ‘டிங்’ என்று ஏதோ விழுந்தது.

“ரெண்டு மூணு நாளைக்கு லேசா ரத்தம் படும், பேட் வச்சுக்கோங்க. காய்ச்சலோ, கெட்ட வாடையோ, ரத்தம் கொட்டினாலோ உடனே வந்துடணும். மத்தபடி கருப்பை நல்லா இருக்கு.” கதவருகே போனவர் திரும்பினார். “இதை யார்கிட்டச் சொல்றதுங்கறது அவங்க இஷ்டம். உங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன் சிஸ்டர்.”

கதவு சாத்திக்கொண்டது. நாத்தனார் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எங்கம்மா உங்களை மலடி, அது இதுன்னு வாயில வந்ததை எல்லாம் சொன்னப்போ, நான் சண்டை போட்டேன். தெரியுமா? அம்மாகூட மாசக்கணக்குல பேசலை. நான் ஒரு மடச்சி.”

“அது விழுந்துடுச்சுன்னுதான் நெனச்சேன். சத்தியமா.”

“தெரிஞ்சுதானே போட்டுக்கிட்டீங்க? இல்ல அதுவும் தானா உள்ள போயிடுச்சா?”

வெளியிலிருந்து மாமியார் கதவைத் தட்டினார். “ஏண்டி, முடிஞ்சுதா இல்லையா? கட்டிதானே? சொல்லித் தொலையேன்!”

நாத்தனார் தட்டைக் கையிலெடுத்துக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். லென்ஸ்காரி காலை இன்னும் இறக்கவில்லை. எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“உங்கண்ணன்கிட்ட நானே சொல்லிடறேன். அவரு என் வாயாலதான் கேக்கணும். அதுவரைக்கும் நீ ஒண்ணும் சொல்லாதே, பாப்பா.”