தகரக் குட்டை

ஆற்றங்கரைக் குட்டையை மண்ணடித்து மூடிக் கட்டிய கிடங்குக்குச் சரிவில்லாத தகரக் கூரை போட்டவன் ஒரு வெல்டர். அந்தி சாய்ந்ததும் கூரையில் டப்டப்பென்று சத்தம் கேட்கவே, திருகாணி கழன்றுவிட்டதோ என்று ஏறிப் பார்த்தான். வௌவால்கள் தாழப் பறந்து வந்து, தகரத்தில் மோதி, அதை நக்கிவிட்டுப் போயின. கண்ணைவிடக் காதை நம்பிப் பிழைக்கிற ஜீவன்கள். எதிரொலியைக் கேட்டு, வழவழப்பெல்லாம் தண்ணீர் என்று காது சொல்லிவிட்டது.

மனசு கேட்காமல் அண்டா நிறையத் தண்ணீர் கொண்டுபோய் வைத்தான். பறந்தபடியே குடிப்பவற்றுக்கு அண்டா எம்மாத்திரம்? ஒன்றுகூடச் சீந்தவில்லை.

"கூரையப் பிரிச்சுப் போட்டுடவா?" என்றான், வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு.

"பிரிச்சா, கீழ குட்டையா காத்துக்கிட்டிருக்கு? உங்க தம்பி கண்ணாடியாட்டம் பூசின சிமெண்டுத் தரைதானே! போய் அதை நக்கும்."