வீட்டில் எத்தனை பேர்

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளுப்பா! நடுவுல எங்க கவுன்சிலர் பேருதான் வரணும்."

கீழே நின்றவன் கத்த, ஏணியில் நின்றவன் கவுன்சிலர் யென் அனுப்பிய அஞ்சலித் துணியை அப்பாவின் படத்துக்கு நேர் மேலே மாட்டினான். அங்கே காலையிலிருந்து தொங்கிய, கட்சிக்குள் அவருக்குப் போட்டியாக நிற்கும் பை யூ-ஹானின் துணி ஓரத்துக்குப் போயிருந்தது. சூ-யுன் அப்பாவுக்காக எரிக்கும் காகிதத் தாமரை மடிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். யாரைத் தடுப்பது, என்ன சொல்லித் தடுப்பது என்று அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை.

"பாத்தியாடி கூத்தை," என்றாள் பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்த ஆ-குயி அத்தை. அப்பாவின் தங்கை, அடுத்த வீடு. "எங்க அண்ணன் செத்ததுக்கு வந்தாங்களா, இல்ல சுவத்துல இடம் பிடிக்க வந்தாங்களா? நீ தாமரையை மடி. இதழ் கோணுது பாரு."

அப்பா லியாவ் வான்-ஃபூ மோட்டார் சைக்கிள் பழுது பார்த்த முன்கூடம் அது. வண்டிகளையெல்லாம் சந்தில் தள்ளிவிட்டு, நடுவில் குளிர்பெட்டியை வைத்திருந்தார்கள். தரையில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. பெட்டியின் கண்ணாடியில் அடிக்கடி பனி பூத்து அப்பாவின் முகம் மங்கிப் போகும். சூ-யுன் எழுந்து போய்க் கைத்துணியால் துடைத்துவிட்டு வருவாள்.

கவுன்சிலர் யென் வந்தார். பெயர் தைத்த பச்சை மேல்சட்டை, பின்னால் நாலு பேர். ஊதுபத்தி வைத்து மூன்று முறை குனிந்து நிமிர்ந்தார். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

"உங்கப்பா என் ஆளும்மா. என் முதல் தேர்தல்ல இந்தத் தெரு பூரா என்னைக் கைபிடிச்சு இழுத்துட்டுப் போனாரு. போன வாரம்கூட இங்க வந்து டீ குடிச்சேன். 'கட்சிக் கணிப்புக்கு என் வீட்டு போன் அடிச்சா உங்க பேரு ஒண்ணுதான், வேற பேச்சே கிடையாது'ன்னாரு."

சூ-யுன் தலையாட்டினாள். வீட்டு வாசலில் யென்னின் தேர்தல் பலகை எத்தனையோ வருஷமாக வெயில் காய்ந்துகொண்டிருப்பது அவளுக்கும் தெரியும். சரி, அப்படியென்றால் யென்தான் என்று மனம் சற்று ஆறியது.

ஆறிய மனம் பத்து நிமிஷம்கூட நிலைக்கவில்லை. பை யூ-ஹான் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது, பேசிப் பேசித் தொண்டை கட்டிய குரல். ஓரத்துக்குப் போன தன் துணியைப் பார்த்தாள். ஊதுபத்தி வைத்துவிட்டு நேராக வந்து சூ-யுன்னின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, வான்-ஃபூ மாமா போன ஞாயித்துக்கிழமை சந்தையில ஒவ்வொரு கடையா என்னைக் கூட்டிட்டுப் போனாருக்கா. மீன்கடைக்காரம்மா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. மாமா விடல. 'இந்தப் பொண்ணை என் பொண்ணா நினைச்சுக்க'ன்னு சொன்னாரு. 'போன் வந்தா உன் பேருதான், தைரியமா போ'ன்னு எனக்கு வாக்குக் குடுத்தாரு."

"'என் பொண்ணா நினைச்சுக்க'ன்னா சொன்னாரு?"

"ஆமாக்கா."

சூ-யுன் கையை உருவிக்கொண்டாள். ஏன் கோபம் வந்தது என்று அவளுக்கே புரியவில்லை. தைச்சுங் நகரத்தில் வேலைக்குப் போன பிறகு, அப்பா தன்னை எந்தக் கடைக்கும் அப்படிக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்ததில்லை.

"அத்தை, அப்பா நிஜமா யாருக்குத்தான் சொன்னாரு?"

"ரெண்டு பேருக்கும்தான் சொல்லியிருப்பான். வந்தவங்களை வெறுங்கையோட அனுப்புறவனா உங்கப்பன்?"

"அப்போ போனுக்குப் பக்கத்துல யாருக்காக உக்காந்திருந்தாரு?"

அத்தை ஒரு தாளை எடுத்து நீவினாள்.

அதுதான் சூ-யுன்னைக் குடைந்துகொண்டிருந்தது. கட்சிக்குள் யார் வேட்பாளர் என்பதை ஊரில் வீட்டு போன்களுக்கு அடித்துக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். எந்த வீட்டுக்கு அடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நாட்களில் ஊரே சாயங்காலமானால் போனைக் காவல் காக்கும். அப்பா கட்சியில் சேர்ந்த காலத்திலிருந்து காத்தவர். ஒரு தடவைகூட அவருக்கு அடித்ததில்லை. "எத்தனை பேருக்கு ஓட்டு வாங்கிக் குடுத்திருக்கேன், என்னை ஒருத்தன் கேட்டதில்ல பாரு," என்று சிரிப்பார். இந்த முறை சாப்பாட்டு மேசை வரைக்கும் எட்டும்படி நீளமான வயர் வாங்கிப் போட்டிருந்தார். மகளுக்குக் கண்டிப்பான உத்தரவு: "செல்லுக்குப் பண்ணு. வீட்டு லைனைத் தொட்டே, கொன்னுடுவேன்."

முந்தாநாள் சாயங்காலம் தைச்சுங்கிலிருந்து செல்லுக்குப் பண்ணினாள். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. வீட்டு எண்ணை அழுத்தப் போய், நாம் பிடித்து வைத்திருக்கும் நேரம் பார்த்து அந்த அழைப்பு வந்துவிட்டால் என்று விரலை எடுத்துவிட்டாள். அத்தையைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லவும் அப்போது தோன்றவில்லை. வாக்கெடுப்பு நேரம் முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு அடித்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அத்தை போய்ப் பார்த்தபோது, மடியில் நூடுல்ஸ் கிண்ணத்தோடு, போனுக்குக் கையெட்டும் தூரத்தில் நாற்காலியில் அப்பா இருந்தார். நெஞ்சு எப்போது நின்றது என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

யாருடைய பெயரைச் சொல்வதற்காக அந்த லைனைத் திறந்து வைத்தோம் என்றாவது தெரிந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. அதுகூடத் தெரியாமல் எப்படி அழுவது?

வெளியே ஏணி மறுபடி தரையில் இழுபட்டது. யூ-ஹானின் ஆட்கள் துணியை நடுவுக்குக் கொண்டுவர வந்துவிட்டார்கள். "இது துக்க வீடுப்பா" என்றார் யென். "அதை முதல்லயே உங்க ஆளுங்க யோசிச்சிருக்கணும்" என்றான் ஒருவன். யூ-ஹான் அவனை அடக்கிக்கொண்டிருக்கும்போதுதான் போன் அடித்தது.

ஏணியில் ஏறியவன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். கணிப்புக்கு இன்றுதான் கடைசிச் சாயங்காலம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சூ-யுன் எடுத்தாள்.

"வணக்கம். கட்சி வேட்பாளர் கருத்துக்கணிப்புக்காகப் பேசறோம்," என்றது ஒரு பெண்குரல். "உங்க வீட்டுல ஓட்டுப் போடற வயசுல எத்தனை பேர் இருக்கீங்க?"

யென் ஒரு விரலை உயர்த்தி, தன் பெயர் ஒன்றையே சொல் என்பது போல ஜாடை காட்டினார். யூ-ஹான் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக் குவித்திருந்தாள்.

"ரெண்டு பேர்," என்றாள் சூ-யுன்.

"அதுல ஆண்கள்?"

"ஒருத்தர்."

"அடியே," என்றாள் அத்தை மெல்ல.

"இப்ப வீட்டுல இருக்காரா?"

சூ-யுன் குளிர்பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "இருக்காரு."

"சந்தோஷம். எங்க முறைப்படி அவர்கிட்டதான் கேக்கணும். கொஞ்சம் போனை அவர்கிட்ட குடுக்கறீங்களா?"

"குடுக்கறேன், இருங்க."

யாரும் வழிமறிக்கவில்லை. வயர் சாப்பாட்டு மேசையைத் தாண்டியும் வந்தது. குளிர்பெட்டியின் மேல், அப்பாவின் காதுப் பக்கமாக, அவள் ரிசீவரைப் படுக்க வைத்தாள். கண்ணாடி மேலிருந்து அந்தக் குரல் மெல்லியதாய்க் கேட்டது. யென்னின் பெயரைப் படித்தது. யூ-ஹானின் பெயரைப் படித்தது. இவர்களில் நீங்கள் யாரை ஆதரிக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தது.

கண்ணாடியில் மறுபடி பனி பூத்திருந்தது. சூ-யுன் கைத்துணியை எடுத்து, ரிசீவர் அசையாமல் அதைச் சுற்றி மெதுவாகத் துடைத்தாள்.